இழைக்கலை இழிகலையா?

கலை என்றவுடன் தமிழர் விரல் மடக்கி எண்ணத் தொடங்குவர். இயல், இசை, நாடகம் என்பர். ஓவியம், சிற்பம், கட்டடம் என்பர். ஆடலையும் சேர்ப்பர். பத்து விரலும் மடங்கிய பின்னரும் ஒன்று மட்டும் அவ்வெண்ணிக்கைக்குள் வந்து சேர்வதில்லை. எண்ணுகின்ற விரல்கள் பிறந்த நாள் முதல் தொட்டுக்கொண்டிருப்பது அது. எண்ணுகின்றவரின் மானத்தை மூடிக்கொண்டிருப்பதும் அது. பஞ்சும் பட்டும் கம்பளியும் சணலும் நாரும் கொண்டு மாந்தர் கை படைத்த இழைக்கலையைக் கலை என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஒருவர் நாற்பது ஆண்டுகள் வீணை மீட்டினால், கலைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர் என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகின்றனர். ஒரு பெண் நாற்பது ஆண்டுகள் ஊசியும் நூலுமாய் இருந்தால், பொழுது போகாமல் எதையோ பின்னிக்கொண்டிருந்தாள் என்று ஒரே தொடரில் அவள் வாழ்நாளை முடித்துவிடுகின்றனர். மேடையில் போர்த்தப்படும் அந்தப் பொன்னாடையை நெய்தவர் யார் என்று கேட்பவர் அவையில் ஒருவரும் இலர். கலைஞரைச் சிறப்பிக்க வேண்டும். அதற்கு நெய்த துணியும் தொடுத்த மாலையும் வேண்டும். ஆயின் நெய்தவரும் தொடுத்தவரும் கலைஞர் அல்லர்! இதனினும் பெரிய முரண் வேறு உண்டோ?

இழைக்கலையைத் தாழ்த்துவோர் சில காரணங்களை எடுத்துரைப்பர். அவை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தல் கடனாகும். பார்க்குங்கால், அவை காரணங்கள் அல்ல, பழகிப்போன தப்பெண்ணங்களே என்பது தெளிவாகும்.

தாழ்த்தியது தமிழ் மரபா?

இழை வேலையை இழிவாகக் கருதுவோர் அதனை மரபு என்று எண்ணிக்கொண்டிருக்கின்றனர். மரபு அவர்களுக்கு எதிராகவே சான்று கூறுகின்றது. அறுபத்து நான்கு கலைகள் எனப் பேசப்படும் பழைய வடமொழிப் பட்டியலில் ஊசி வேலையும், நூலைக் கொண்டு ஆடும் விளையாட்டும், மலர் தொடுத்தலும் இடம்பெற்றுள்ளன. ஆடலும் பாடலும் நின்ற வரிசையிலேயே அவையும் நின்றன. அறுபத்து நான்கு என்று பெருமை பேசும் வாய், பட்டியலைப் படிக்க மறந்தது யார் குற்றம்?

தமிழ் மொழியோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. பஞ்சிலிருந்து திரிப்பதும் நூல். புலவர் இயற்றுவதும் நூல். இஃது ஒலி ஒப்புமையால் நேர்ந்த தற்செயல் அன்று. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பாயிரத்திலேயே இதற்கு விளக்கம் தருகின்றது. சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், வாயைக் கையாகவும், அறிவை நூற்கும் கதிராகவும் கூறும் அவ்விலக்கணம், புலவனை யாருக்கு ஒப்பிடுகின்றது? அரசனுக்கன்று, முனிவனுக்கன்று, நூல் நூற்கும் பெண்ணுக்கே ஒப்பிடுகின்றது! புலமைக்கு அளவுகோல் தேடிய இலக்கண ஆசிரியரின் கண், நூற்பவளின் விரல்மீது சென்று நின்றது. அவளை உவமையாக வைத்துக் கவிஞனை உயர்த்திய மொழியிலேயே, கவிஞன் மட்டும் கலைஞனாகி, உவமையாக நின்றவள் வேலைக்காரியாகிவிட்டாள்.

திருவள்ளுவர் நெசவுத் தொழில் செய்தவர் என்பது செவிவழிச் செய்தி. வரலாறு அதனை உறுதி செய்யாமல் இருக்கலாம். ஆயினும், தம் மொழியின் தலையாய அறிஞரைத் தறியின்முன் அமர்த்திப் பார்க்க மக்கள் மனம் விரும்பியது என்பது கருதத்தக்கது. 15, 16 ஆம் நூற்றாண்டுகளில் மலாக்காத் துறைமுகத்திற்குச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சரக்குகளில் தலையாயது துணியே. மலாய்த் தீவுகளின் நறுமணப் பொருளுக்கு ஈடாக நின்றது அத்துணி. பால்மரக் காட்டுக்கு ஆள் சேர்க்கும் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, தமிழ்க் கைகளின் இழை இம்மண்ணில் வந்து இறங்கியிருந்தது. இந்நாட்டில் தமிழரின் வரலாற்றை ரப்பர்ப் பாலில் மட்டுமே தொட்டு எழுதுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நூலில் செய்தால் தொழில், தாளில் செய்தால் கலை!

இத்தப்பெண்ணம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் பரவிய நோய் இது. அந்நோயைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டு வென்றவர் அன்னி ஆல்பர்ஸ் என்னும் அம்மையார்.

1899 இல் பெர்லின் நகரில் பிறந்த அவர், 1922 இல் வைமார் நகரிலிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். புதுமைக்குப் பேர்போன பள்ளி அது. ஆண் பெண் வேற்றுமை இல்லை என்று அறிவித்துக்கொண்டே, பெண்களை நெசவுக் கூடத்திற்கு அனுப்பிய பள்ளியும் அதுவே. அன்னி கண்ணாடிக் கலை பயில விரும்பினார். அக்கதவு அவருக்குத் திறக்கவில்லை. தொடக்கத்தில் நூல் வேலையை மெலிந்த வேலை என்று அவரும் எள்ளினார். ஆனால் தறியில் அமர்ந்தபின் இழை அவரை விடவில்லை. 1930 இல் பட்டம் பெறுவதற்கு அவர் நெய்தளித்தது, பெர்னாவ் நகரத் தொழிற்சங்கப் பள்ளியின் மண்டபச் சுவருக்குரிய துணி. அதன் ஒரு பக்கம் ஒலியை உறிஞ்சியது. மறுபக்கம் ஒளியைத் திருப்பி அளித்தது. பருமனான நூலையும் செல்லோபேன் இழையையும் சேர்த்து நெய்து அவ்விளைவைக் கண்டார். மூளையற்ற கை வேலை என்போர் இவ்வொரு துணியைப் பற்றியேனும் சிந்தித்தல் நலம்.

1933 இல் நாஜிகளின் நெருக்குதலால் அப்பள்ளி மூடப்பட்டது. யூதக் குடியிற் பிறந்த அன்னி, கணவருடன் அமெரிக்கா சென்று, வட கரோலைனாவிலிருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியில் நெசவு கற்பித்தார். 1949 இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கு அத்தகைய சிறப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை. நெசவைப் பற்றி அவர் எழுதி 1965 இல் வெளிவந்த பெருநூலை எவருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? பண்டைப் பெரு நாட்டின் நெசவாளர்களுக்கு! எழுத்தறியாமல், தறியையே ஏடாகக் கொண்டு வாழ்ந்த அம்மக்களைத் தம் பேராசிரியர்கள் என்று போற்றினார். ஆறு மில்லியன் யூதர் கொல்லப்பட்ட கொடுமையை நினைவுகூர, நியூயார்க் யூத அருங்காட்சியகத்தின் வேண்டுகோளுக்கிணங்க அவர் 1965, 1966 ஆம் ஆண்டுகளில் நெய்தவை ஆறு நெடிய துணிகள். அவற்றில் உருவமில்லை, எழுத்துமில்லை. வெள்ளியும் கருமையும் கலந்து ஓடும் இழைகள், எழுதி எழுதி அழித்த வரிகள்போல் நிற்கின்றன. இறந்தோர்க்கு எழுப்பிய கல்லறையினும் கனத்த நினைவுச் சின்னம் அது.

இத்தகைய அம்மையாரும் 1970 அளவில் தறியை விட்டு அச்சோவியத்திற்குச் சென்றார். அதன்பின் அவர் கண்டறிந்து கூறிய உண்மை கசப்பானது. நூலில் செய்தால் அதனைக் கைத்தொழில் என்கின்றனர். தாளில் செய்தால் கலை என்கின்றனர் என்பதே அது. செய்தவர் ஒருவரே, கண்ணும் ஒன்றே, கருத்தும் ஒன்றே. பொருள் மாறியதும் பெயர் மாறியது. ஆகவே, உயர்வு தாழ்வு படைப்பில் இல்லை, பார்ப்பவரின் பட்டியலில்தான் உள்ளது என்பது இதனால் விளங்கவில்லையா? 1994 இல் தம் 94 ஆம் வயதில் அவர் மறைந்தார். 2018 இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம் அவருடைய வாழ்நாட் படைப்புகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. நீதி வந்தது, மிகவும் காலந்தாழ்ந்து வந்தது.

'அது சிந்தனையற்ற வேலை'

இழை வேலையில் சிந்தனைக்கு இடமில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் அது என்பது தாழ்த்துவோரின் அடுத்த வாதம். இதற்கு விடை தேடி ஐரோப்பா செல்லத் தேவையில்லை. சரவாக்கின் நீண்ட வீடுகளுக்குச் சென்றாலே போதும்.

இபான் பெண்டிர் நெய்யும் 'புவா கும்பு' என்னும் துணி, நெய்தபின் சாயம் ஏற்றப்படுவதன்று. பாவு நூல் தறியேறுமுன்னரே, சாயம் ஏறக் கூடாத இடங்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, சாயத்தில் தோய்த்து, அவிழ்த்து, மீண்டும் வேறிடத்தைக் கட்டி, மீண்டும் தோய்க்கின்றனர். நெய்யப்படாத துணியின் உருவம், கட்டுபவளின் உள்ளத்தில் முழுமையாக நிற்க வேண்டும். ஒரு முடிச்சு தவறினால் உருவம் சிதையும். அதன் பின்னரே, ஒரு முனையை வீட்டுத் தூணிலும் மறு முனையைத் தம் இடுப்பிலும் பிணைத்து, தம் உடலையே தறியின் ஓர் உறுப்பாக்கி நெய்கின்றனர். வரைபடம் இல்லை, அளவுகோல் இல்லை. சில உருவங்கள் கனவில் அருளப்பட்டவை என்பது அவர்தம் நம்பிக்கை.

மஞ்சணத்தி வேரின் சிவப்பு நூலில் நன்கு பற்றுவதற்கு நூலைப் பதப்படுத்தும் சடங்கு, இம்முயற்சியில் மிகக் கடினமான கட்டமாகும். அதனை இபான் மக்கள் 'காயாவ் இண்டு' என்று அழைத்தனர். 'பெண்டிரின் போர்' என்பது அதன் பொருள். களத்தில் வென்று மீண்ட ஆடவனுக்குரிய மதிப்பை, அப்போரில் வென்ற பெண்ணுக்கும் அச்சமுதாயம் அளித்தது. படிப்பறிவில்லாத காட்டு மக்கள் என்று நகரத்தார் கருதியவர்கள் நெய்பவளை வீரர் வரிசையில் வைத்தனர். படித்தவர்கள் அவளைப் 'பொழுதுபோகாதவள்' வரிசையில் வைக்கின்றனர். நாகரிகம் எவரிடத்தில் உள்ளது?

தமிழ்நாட்டு நீலமலையில் வாழும் தோடர் மகளிரும் இதற்குச் சான்று பகர்வர். அவர்கள் துணியின்மேல் உருவம் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே, கறுப்பும் சிவப்புமாய்ப் பூவேலை செய்கின்றனர். 2013 இல் அவ்வேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. விரல் நுனியில் நடக்கும் கணக்கு அது.

கணக்கு என்ற சொல் இங்கு அணியன்று. 1804 இல் பிரான்சு நாட்டின் ஜக்கார்டு அமைத்த தறி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த அட்டையைக் கண்டே 1830களில் சார்லஸ் பாபேஜ் தம் கணிக்கும் பொறிக்கு வழி வகுத்தார். இழை மேலே, இழை கீழே என்பதும், ஒன்று, சுழியம் என்பதும் ஒரே தருக்கமே. 1960களில் நிலவுப் பயணத்திற்கென உருவாக்கப்பட்ட அப்போலோ விண்கலக் கணிப்பொறியின் நினைவகம் எவ்வாறு அமைந்தது? சிறு காந்த வளையங்களுக்குள்ளும் வெளியிலுமாகக் கம்பியைக் கோத்துக் கையாலேயே பின்னினர். பின்னியோர் தொழிற்சாலைப் பெண்டிர். மனிதன் நிலவில் இறங்கிய வழியில் நெசவறிந்த விரல்களும் இருந்தன. தம் பிள்ளை கணிப்பொறி பயில வேண்டும் என்று விரும்பி, ஊசி நூலை எள்ளும் பெற்றோர், தாயைப் பழித்து மகளைப் போற்றுகின்றனர் என்பதில் ஐயமில்லை.

'அது பயன்படுபொருள்'

உடுக்கவும் விரிக்கவும் பயன்படுவது எவ்வாறு கலையாகும் என்று வினவுவோர் உளர். அவ்வாறாயின், தாலாட்டு குழந்தையைத் துயிற்றப் பயன்படுகின்றது. அஃது இசையன்று எனத் தள்ளிவிடலாமா? சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வீதியுலாவுக்கென வார்க்கப்பட்டவை. ஆதலின் சிற்பமல்ல என்று கூறத் துணிவார் உண்டா? கோயில் வழிபடப் பயன்படும் கட்டடந்தானே? பயன் கலையைக் கொல்வதில்லை. கலையற்ற பயன்தான் வாழ்வைக் கொல்கின்றது.

இன்னொன்றும் உண்டு. இழை எப்பொழுதும் துணியாகவே நிற்பதில்லை. போலந்து நாட்டின் மாக்டலேனா அபகனோவிச் 1960களில் சணல்போன்ற முரட்டு நார்களைச் சாயமிட்டு, ஆளினும் உயர்ந்த பேருருவங்களாக நெய்து உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். துறைமுகங்களில் கழித்துப் போட்ட பழங்கயிறுகளைத் தேடிச் சென்று சேர்த்து, பிரித்து, மீண்டும் இழையாக்கினார். 1965 இல் பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ கலைவிழாவில் அவருக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. உடுக்க இயலாத, விரிக்க இயலாத, சுவரில் ஒட்டவும் இயலாத அவ்வுருவங்களைக் கண்டோர் அவற்றுக்கு வேறு பெயர் இல்லாமையால், அவர் பெயரைக் கொண்டே 'அபகன்கள்' என்றழைத்தனர். பயன்படுபொருள் என்ற சிறையைக் கயிற்றால் உடைத்தார் அவர்!

'அது பொழுதுபோக்கு'

தாழ்த்துவோரின் சொற்களில் மிகக் கொடியது இதுதான். பொழுதைப் போக்குவது வேறு. வாழ்நாளைத் தருவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாதவர் கலையைப் பற்றித் தீர்ப்புரைக்கத் தகுதியற்றவர்.

லெனோர் டானி என்னும் அமெரிக்க அம்மையார் 1907 இல் பிறந்தவர். 1957 இல், ஐம்பது வயதில், ஓய்வைப்பற்றிப் பிறர் எண்ணும் பருவத்தில், நியூயார்க் துறைமுகத்தை அடுத்த பழைய கிடங்கு மாடி ஒன்றில் தறியோடு குடியேறினார். இழைகளுக்கிடையே வெற்றிடம் விட்டு, காற்றும் ஒளியும் ஊடே செல்லுமாறு நெய்தார். தறியின் பண்ணையையே தம் கருத்துக்கேற்ப மாற்றி அமைத்துக்கொண்டார். 2007 இல் நூறாம் வயதில் மறையும்வரை கலையே அவர்தம் வாழ்வாக இருந்தது. அரை நூற்றாண்டைப் பொழுதுபோக்கு என்று எவரேனும் சொல்லத் துணிவரோ?

இந்திய நாட்டின் மிருணாளினி முகர்ஜியின் வாழ்வு இதனினும் அழுத்தமான பாடம் தருகின்றது. 1949 இல் பிறந்த அவர், பரோடா பல்கலைக்கழகத்தில் கே. ஜி. சுப்பிரமணியனிடம் பயின்றார். அவ்வாசிரியர் ஓவியர் மட்டுமல்லர். கைத்தறி வாரியத்தில் பணியாற்றி நெசவாளரின் கையறிவை நேரில் கண்டவர். ஓவியத்திற்கும் கைத்தொழிலுக்கும் இடையில் வேலி போடாத ஆசிரியரிடம் பயின்ற மாணவி, 1970களின் தொடக்கத்தில் கூரை வேயவும் கட்டில் கட்டவும் பயன்படும் முரட்டுக் கயிற்றைக் கையில் எடுத்தார். தறியுமில்லை, ஊசியுமில்லை. பத்து விரல்களால் முடிச்சின்மேல் முடிச்சிட்டு, முன்வரைபடமும் இன்றி, யட்சியும் வனதேவதையுமாய் நிமிர்ந்து நிற்கும் சிற்பங்களைச் செய்தார். பெரிய உருவம் ஒன்றுக்கு ஓராண்டளவு உழைப்புத் தேவைப்பட்டது. இத்தகைய முடிச்சு வேலையில் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். 2015 இல் புதுதில்லியில் அவர்தம் வாழ்நாட் படைப்புகளின் கண்காட்சி திறக்கப்பட்ட சில நாள்களில் அவர் காலமானார். 2019 இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைப் பெரிய அளவில் காட்சிக்கு வைத்தது. கட்டில் கயிறு அங்கே சென்றது. அதனைக் கட்டிலில் மட்டுமே கண்டு பழகியவர்கள் வியந்து நின்றனர்.

'அது வறியோர் ஒட்டுத்தையல்'

இனி, வறுமையைக் காட்டி இகழ்வோர் ஒரு சாரார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றோர் ஊர் உண்டு. அடிமைகளாக்கப்பட்டோரின் வழிவந்த கறுப்பின மக்கள் வாழும் சிற்றூர் அது. வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளையும் மாவு மூட்டைத் துணிகளையும் வெட்டி இணைத்து, குளிருக்குப் போர்வை தைத்தனர் அவ்வூர்ப் பெண்டிர். தாயிடம் மகளும், மகளிடம் பேத்தியும் கற்ற வேலை. 2002 இல் அப்போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களாகச் சுவரேறின. 2006 இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன.

இச்செய்தியைப் படிக்கும் மலேசியத் தமிழரின் நெஞ்சில் ஓர் உருவம் எழாதிருக்குமா? விடியுமுன் பால்மரம் சீவிவிட்டு, பிற்பகலில் லயத்துத் திண்ணையில் அமர்ந்து, பழஞ்சேலைகளை அடுக்கி விரிப்புத் தைத்த தோட்டத்துப் பாட்டிமார் எத்தனை பேர்! வானொலிப் பெட்டிக்கு மேலுறையும், சாமி மாடத்திற்குத் திரையும், மேசைக்கு விரிப்பும் கொக்கி ஊசியால் பின்னியோர் எத்தனை பேர்! வாழை நாரில் மலர் தொடுத்தவர்கள், நெகிழி ஒயரில் கூடை பின்னியவர்கள், ஓலையில் தோரணம் முடைந்தவர்கள் எத்தனை பேர்! தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறத்து அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தபோது, அவை பழந்துணி மூட்டையோடு குப்பைக்குச் சென்றன. அலபாமாவின் கந்தல் அருங்காட்சியகம் ஏறியது. தோட்டத்தின் கந்தல் தீயில் இடப்பட்டது. வேற்றுமை துணியில் இல்லை. எடுத்து வைப்பதற்கு அங்கே ஒருவர் இருந்தார்; இங்கே ஒருவரும் இல்லை.

எந்திரம் வந்துவிட்டது என்பர்

ஒரு நாளில் ஆயிரம் முழம் நெய்யும் எந்திரம் இருக்கும்போது கை எதற்கு என்பது இறுதி வாதம். ஒளிப்படக் கருவி வந்தபின் ஓவியம் செத்ததா? ஒலிப்பதிவு வந்தபின் பாடகர் வாய் மூடிக்கொண்டனரா? எந்திரம் மாந்தரின் உடலை மூடும் கடமையை ஏற்றுக்கொண்டது. அதனால் கைக்குக் கிடைத்தது விடுதலையேயன்றி மரணமன்று. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் பொன்னிழை கோத்து நெய்யப்படும் 'சோங்கேட்' துணியை 2021 இல் யுனெஸ்கோ மாந்தர் குலத்தின் கலைச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. எந்திரத் துணி மலிந்த காலத்தில்தான் அச்சிறப்பு வந்தது என்பதை மறத்தலாகாது.

ஆயினும், ஒன்றை நேர்மையாகச் சொல்லியே ஆக வேண்டும். இழையைத் தொட்டதெல்லாம் கலையாகிவிடாது. கடையில் விற்கும் அச்சிட்ட துணியையும் எண்ணிட்ட நூலையும் வாங்கி, குறித்த இடத்தில் குறித்த நிறத்தைக் குத்துவது பயிற்சியேயன்றிப் படைப்பாகாது. அச்சிட்ட கோடுகளுக்குள் வண்ணம் பூசியவன் ஓவியன் ஆகாததுபோலவே இதுவும். இழைக்கலைஞருக்குச் சலுகை வேண்டா. ஓவியரையும் சிற்பியையும் அளக்கும் அதே கோலால் அவரையும் அளந்தால் போதும். அளக்க மறுப்பதுதான் அநீதி.

பள்ளியின் கடமை

இவ்வழக்கில் இழப்பு எங்கே நேர்கின்றது? அருங்காட்சியகத்தில் அன்று, வகுப்பறையில் நேர்கின்றது. மலேசியத் தொடக்கப்பள்ளிகளின் காட்சிக் கலைக் கல்வியில் மரபுக் கைவினை ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டுள்ளது. ஏட்டில் இருப்பது வகுப்பில் இருக்கின்றதா? கலைப் பாடவேளையைக் கணக்குக்கும் மொழிக்கும் இரவல் கொடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றியது. தேர்வு நெருங்குகின்றது என்று காரணம் காட்டப்பட்டது. 2021 இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. தேர்வு போயிற்று, இரவல் வாங்கும் மனப்பான்மை போயிற்றா என்பதே வினா. கடனாக வாங்கிய வேளையைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியரை எவரும் கண்டிலர்.

ஏட்டுப் பாடத்தில் தடுமாறும் சிறுவன் ஒருவன், பாயின் ஓலையைப் பின்னும்போது ஒரு முறைகூடத் தவறுவதில்லை. வகுப்பில் வாய் திறவாத சிறுமி ஒருத்தி, கையில் நூலைக் கொடுத்தால் நிறங்களைப் பேச வைக்கின்றாள். இத்தகைய பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் உள்ளனர். அவர்கள் அறிவு விரலில் இருக்கின்றது. விரலைப் பள்ளி மதிக்காவிடின், அப்பிள்ளை தனக்கு அறிவே இல்லை என்று முடிவு செய்துகொள்கின்றது. ஒரு குழந்தையின் உள்ளத்தில் அம்முடிவை எழுதிவிடுவதைவிடப் பெரிய பிழையை எந்தப் பள்ளியும் செய்துவிட முடியாது.

பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் ஒழிய வேண்டும். காஞ்சிபுரத்துத் தறிகளில் ஆடவர் அமர்கின்றனர். கானா நாட்டில் கெண்டே துணி நெய்வது வழிவழியாக ஆடவர் தொழில். இழைக்கு ஆண் பெண் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பொறுமையுள்ள கையும் பொறுமையற்ற கையுமே.

செய்யத்தக்கவை

குறை கூறுதல் எளிது. செய்யத்தக்கதைச் சொல்லாத கண்டனம் வெறும் கூச்சலாகும். ஆகவே சில கூறத்தகும். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் வட்டாரத்துப் பெண்டிரின் பழைய பின்னல்களையும் தையல்களையும் திரட்டி, செய்தவர் பெயரும் ஊரும் எழுதி, ஒரு நிலைப்பேழையில் வைக்கலாம். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கை நடுங்காத முதியவர்களை ஆசிரியர்களாக வகுப்புக்கு அழைக்கலாம். பள்ளியில் கல்வி பெறாத பாட்டி, பள்ளியில் கல்வி தருபவராக நிற்கும் காட்சி பேரப்பிள்ளையின் கண்ணில் நிலைத்து நிற்கும். சங்கங்களும் இயக்கங்களும் கலைவிழாப் பரிசுகளில் இழைக்கலைக்கும் ஓரிடம் ஒதுக்கலாம். எழுத்தாளர்கள், நடிகரைப் பற்றியும் பாடகரைப் பற்றியும் எழுதும் பக்கங்களில் ஒன்றை நெய்பவர்க்கும் பின்னுபவர்க்கும் தரலாம். சொல்லைப் பஞ்சாகக் கொண்டு நூல் நூற்போருக்கு, பஞ்சைப் பஞ்சாகவே கொண்டு நூல் நூற்றோரிடம் பழங்கடன் ஒன்று உண்டு.

இல்லத்தார் செய்ய வேண்டியது அனைத்தினும் எளிது. மூதாட்டி ஒருவர் மறைந்த வீட்டில், அலமாரியைத் துப்புரவாக்கும் நாள் ஒன்று வரும். பழுப்பேறிய விரிப்பு ஒன்று கையில் அகப்படும். அதனை எறியுமுன் ஒரு கணம் விரித்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நிறம் மாறுகின்றது, ஏன் மாறுகின்றது, அந்த மூலையில் மட்டும் ஏன் வேறொரு பூ என்று பார்க்க வேண்டும். அங்கே ஒரு மனம் முடிவெடுத்திருக்கின்றது. முடிவெடுத்த மனம் எங்குண்டோ அங்குக் கலை உண்டு. அதனை மடித்து வைத்து, ஓரத்தில் அவர் பெயரை எழுதி வைப்பாராக. எழுதத் தெரியாத பலர் தம் வாழ்நாளை எழுதி வைத்த ஏடு அதுவே.

இழை இழிந்ததன்று. இழிந்தது, அதனை உடுத்துக்கொண்டே இகழும் நாவே ஆகும். அந்நா அடங்கும் நாளில், தமிழர் எண்ணும் கலைகளின் எண்ணிக்கை ஒன்று கூடும். தமிழர் மறந்த கலைஞர்களின் எண்ணிக்கை பல்லாயிரம் குறையும்.